கீமோ நடக்கும்போது நாம் நடக்கலாமா? புற்றுநோயும் உடற்பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். வேலை நேரத்தில் பாதி புற்றுநோய் வார்டில் போகிறது. அங்கே நோயாளிகளும் கூட வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரு நோட்டில் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. அந்த நோட்டிலிருந்து எடுத்தவை இவை. பொதுவான பதில்கள்தான். உங்கள் ஸ்கேனையும் ரத்த ரிப்போர்ட்டையும் கையில் வைத்திருக்கும் டாக்டர் வேறு மாதிரி சொன்னால், அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

உடம்புக்கு முடியாதவரைப் போய் நடக்கச் சொல்கிறீர்களே, ஓய்வுதானே முக்கியம்?

இதைக் கேட்பவர் பெரும்பாலும் நோயாளி இல்லை. மகள், தம்பி, மாமியார் என்று கூட இருப்பவர்கள். "நீ படும்மா, நான் பாத்துக்கறேன்" என்பது நம் வீடுகளில் அன்பைச் சொல்லும் விதம். தண்ணீர் கட்டிலுக்கு வரும், தட்டு கட்டிலுக்கு வரும், கடைசியில் வாஷ்பேசினுக்குப் பதிலாக ஒரு கிண்ணமும் கட்டிலுக்கு வரும். மூன்றாவது கீமோ முடிவதற்குள் அந்த அம்மாவுக்குப் பாத்ரூம் போகச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். "கீமோ ஆளையே உருக்கிடுச்சு" என்பார்கள். உருக்கியதில் கட்டிலுக்கும் பங்கு உண்டு. ஆரோக்கியமான ஒருவரை ஒரு வாரம் படுக்கப் போட்டாலே தொடைச் சதை குறையத் தொடங்கிவிடும். கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துகளும் முதலில் கைவைப்பது தொடையில்தான்.

ஒரு காலத்தில் டாக்டர்களும் ஓய்வையே சொன்னார்கள். 1980களில் அமெரிக்காவின் ஓஹையோவில் மேரில் வின்னிங்ஹாம், மேரி மக்விகார் போன்ற நர்சிங் ஆய்வாளர்கள், கீமோ எடுத்துக்கொண்டிருந்த மார்பகப் புற்றுநோய்ப் பெண்களை நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் ஏற்றிப் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயிற்சி செய்தவர்களின் உடல் தெம்பு கூடியது. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்துவிட்டன. 2018ல் ஆஸ்திரேலியாவின் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம், உடற்பயிற்சியைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எல்லா நோயாளிகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தது. நம் வரவேற்பறைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் முழுசாக வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஓய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. மதியம் அரை மணி நேரம் படுங்கள். நாள் முழுக்கப் படுக்காதீர்கள்.

எழுந்து உட்காரவே முடியாத அசதி. இதில் எப்படி நடப்பது?

புற்றுநோய் அசதி வயல் வேலை முடிந்து வரும் அசதி மாதிரி இல்லை. அது தூங்கி எழுந்தால் போய்விடும். இது பத்து மணி நேரம் தூங்கி எழுந்த பிறகும் கட்டிலோரம் உட்கார்ந்து "இன்னும் படுத்துக்கலாமா" என்று கேட்கும். நோயாளிகள் இதை விவரிக்கப் படாதபாடு படுவார்கள். "உடம்புல யாரோ கல்ல கட்டி விட்ட மாதிரி" என்றார் ஒருவர். அதைவிடச் சரியாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

முதலில் காரணம் பார்க்க வேண்டும். ரத்த சோகையா, தைராய்டு குறைவா, தூக்கம் இல்லையா, வலியா, மனச்சோர்வா, சாப்பாடே இறங்கவில்லையா? இவை சரிசெய்யக்கூடியவை. டாக்டரிடம் "டயர்டா இருக்கு" என்று மட்டும் சொல்லி வராமல், எப்போதிலிருந்து, நாளில் எந்த நேரத்தில் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் மிஞ்சும் அசதிக்கு மாத்திரை பெரிதாக உதவுவதில்லை. 2017ல் 113 ஆய்வுகளை, பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு வந்தது. உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் மருந்துகளைவிடத் தெளிவாக நன்றாக வேலை செய்தன என்பது அதன் முடிவு. அசதிக்கு நடையா மருந்து என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. படுக்கப் படுக்கச் சதை குறைகிறது. சதை குறைந்த உடம்புக்கு அதே பத்து அடி இன்னும் பாரமாகிறது. பாரமானதால் மறுபடி படுக்கிறோம். இந்தச் சுழலை எங்காவது ஒரு இடத்தில் உடைத்தாக வேண்டும். உடைக்கச் சுலபமான இடம் அந்தப் பத்து அடிதான்.

ஆகவே கட்டிலிலிருந்து வாசல்வரை போய்த் திரும்புங்கள். முதல் நாளுக்கு அது போதும். நாளைக்கு இரண்டு தடவை.

சரி, கணக்காகச் சொல்லுங்கள். எவ்வளவு செய்ய வேண்டும்?

2018ல் பல நாட்டு வல்லுநர்கள் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சார்பில் கூடி ஒரு கணக்குச் சொன்னார்கள். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் 30 நிமிடம், மிதமான வேகத்தில் நடை அல்லது சைக்கிள். அதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. அசதி, பதற்றம், மனச்சோர்வு, அன்றாட வேலை செய்யும் திறன் எல்லாவற்றிலும் இந்த அளவுக்கே பலன் தெரிகிறது. வழக்கமாகக் கேள்விப்படுகிற 'வாரம் 150 நிமிடம்' பிறகு எட்டவேண்டிய இலக்கு. ஆரம்பத்திலேயே அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

மிதமான வேகம் என்றால், பக்கத்தில் நடப்பவரோடு ஊர்க்கதை பேச முடியவேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதக்கூடாது. பாட முடிந்தால் கொஞ்சம் வேகம் கூட்டலாம். பேசவே முடியவில்லை என்றால் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தசைப் பயிற்சி என்றதும் ஜிம் என்று நினைக்காதீர்கள். கையில்லாத மர நாற்காலி ஒன்று போதும். அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள். எட்டு தடவை, கொஞ்சம் இடைவெளி, மறுபடி எட்டு. கை கட்டி எழ முடியாதவர்கள் தொடையில் கை ஊன்றி எழலாம். கைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், பிறகு ஒரு கிலோ அரிசிப் பொட்டலம். பதினைந்து தடவை சிரமமில்லாமல் வந்துவிட்டால் எடையைக் கொஞ்சம் ஏற்றலாம். அப்புறம் முட்டையோ சுண்டலோ பருப்போ மீனோ, ஏதாவது ஒன்று தினமும் வயிற்றுக்குள் போக வேண்டும். புரதம் இல்லாமல் சதை வராது.

கீமோ போட்ட வாரத்திலும் செய்ய வேண்டுமா?

மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ என்றால் அந்த 21 நாளும் ஒரே மாதிரி இருக்காது. மருந்து ஏறிய மூன்று நான்கு நாள் குமட்டலும் அசதியும் இருக்கும். இரண்டாவது வாரத்தில் ஆள் கொஞ்சம் தெளிவார். ஆனால் வெள்ளை அணு பொதுவாக அடிமட்டத்துக்கு இறங்குவதும் அப்போதுதான். மூன்றாவது வாரம்தான் நல்ல வாரம். பயிற்சியையும் அதற்கேற்ப ஏற்றி இறக்குங்கள். முதல் நாட்களில் வராந்தாவில் ஐந்து ஐந்து நிமிடமாக நாளுக்கு மூன்று தடவை. இரண்டாவது வாரம் கூட்டமில்லாத இடத்தில் பதினைந்து நிமிடம். மொட்டை மாடி இதற்கு நல்ல இடம். மூன்றாவது வாரம் முழு நடை.

என்னிடம் வந்த ஒரு தையல்காரர் காலண்டரில் கீமோ நாளைச் சிவப்பில் வட்டமிட்டு, நடந்த நிமிடங்களை அந்தந்தத் தேதிக் கட்டத்தில் எழுதினார். 5, 5, 0, 8, 10 என்று போகும். நான்காவது சுற்றின் மூன்றாவது வாரத்தில் 35 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். பூஜ்யம் போட்ட நாட்களும் அதில் இருந்தன. இருக்கட்டும். மருந்தின் அளவையே கூட்டிக் குறைக்கிறார்களே, நடைக்கு மட்டும் என்ன?

நம் ஊர் வெயிலில் காலை ஏழுக்குள் அல்லது சாயங்காலம் ஐந்தரைக்குப் பிறகு. கத்திரி நாட்களில் வீட்டுக்குள்ளேயே ஃபேனுக்குக் கீழே நடப்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கவுண்ட் இறங்கியிருக்கிறது என்கிறார்கள். அப்போது?

எந்தக் கவுண்ட் என்று கேளுங்கள், மூன்று இருக்கின்றன.

வெள்ளை அணு குறைந்தால் கிருமித் தொற்று பயம். நடக்கலாம், ஜிம், நீச்சல் குளம், சந்தைக் கூட்டம் வேண்டாம். ஜுரம் 100.4 டிகிரியைத் தொட்டால் பயிற்சி, நடை, நாளைக்குப் பார்க்கலாம் எதுவும் கிடையாது. அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு. ராத்திரி இரண்டு மணி என்றாலும்.

ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 50,000க்கு மேல் இருந்தால் பொதுவாகத் தசைப் பயிற்சிக்குத் தடையில்லை. 20,000க்கும் 50,000க்கும் இடையில் மெதுவான நடை, கை கால் அசைத்தல் மட்டும். அதற்கும் கீழே போனால் டாக்டர் சொல்லும்வரை அன்றாட நடமாட்டமே போதும். விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அப்போது பயிற்சி. ஹீமோகுளோபின் 8க்குக் கீழே இருந்தால் படி ஏறும்போதே படபடக்கும், டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இந்த எண்கள் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும்.

ரத்த ஓட்டம் கூடினால் கட்டி மற்ற இடங்களுக்குப் பரவிவிடாதா?

பரவாது. இந்தப் பயம் எனக்குப் புரிகிறது, கேட்கவும் நியாயமாக இருக்கிறது. ஆனால் இத்தனை வருட ஆய்வுகளில் உடற்பயிற்சியால் நோய் பரவியதாகத் தெரியவரவில்லை. மாடிப்படி ஏறினாலும் கோபப்பட்டாலும்கூடத்தான் ரத்த ஓட்டம் கூடுகிறது. அடுத்த பதிலையும் படியுங்கள்.

அப்படியானால் உடற்பயிற்சி புற்றுநோயைக் குணப்படுத்துமா?

இதற்கு நான் பல வருடம் "அசதி குறையும், தெம்பு வரும், மற்றது தெரியாது" என்றுதான் சொல்லிவந்தேன். மார்பக, பெருங்குடல் புற்றுநோயாளிகளில் நடமாட்டம் அதிகம் உள்ளவர்கள் நீண்ட நாள் இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்புகள் காட்டின. ஆனால் தெம்பு இருப்பவர்தானே அதிகம் நடப்பார்? நடந்ததால் நன்றாக இருந்தாரா, நன்றாக இருந்ததால் நடந்தாரா என்று பிரிக்க முடியவில்லை.

2025 ஜூனில் இதற்கு ஒரு பதில் வந்தது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் முன்னின்று நடத்திய 'சேலஞ்ச்' என்ற ஆய்வு அது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நல்ல உணவு, நல்ல பழக்கம் என்று புத்தகம் கொடுத்தார்கள். மறுபாதிக்கு ஒரு பயிற்சியாளரோடு மூன்று வருடத் திட்டம். ஐந்து வருடம் கழித்து, பயிற்சி செய்தவர்களில் 80.3 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள்; புத்தகம் வாங்கிப் போனவர்களில் 73.9 சதவீதம். எட்டு வருடக் கணக்கில் உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதமும் 83.2 சதவீதமும். சில மருந்துகள் கொடுக்கும் பலனுக்கு இது குறைந்ததில்லை. செய்தவர்களில் பெரும்பாலோர் செய்தது வேகமான நடைதான். கை கால் வலி, சுளுக்கு போன்றவை பயிற்சிக் குழுவில் கொஞ்சம் கூடுதல், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதை வைத்து யாரும் துள்ளிக் குதிக்க வேண்டாம். அவர்கள் எல்லோரும் ஆபரேஷனும் கீமோவும் முடித்த பிறகு நடந்தவர்கள். அவற்றுக்குப் பதிலாக யாரும் நடக்கவில்லை. "நடந்தாலே போதுமாம், கீமோ எதுக்கு" என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் அழித்துவிடுங்கள். கருப்பை வாய், வாய், நுரையீரல் புற்றுநோய்களுக்கு இதே எண் வரும் என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. என் மனதில் நின்றது வேறொன்று: தோற்றுப்போனது புத்தகம். வாராவாரம் "இந்த வாரம் எத்தனை நாள் போனீங்க?" என்று கேட்க ஒரு ஆள் இருந்ததுதான் ஜெயித்தது என்று நினைக்கிறேன்.

மார்பக ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையால் குடம் தூக்கவே கூடாது என்கிறார்களே?

என் நோட்டில் அதிக தடவை வந்த கேள்வி இது. அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தபிறகு நிணநீர், அதாவது சதைக்குள் ஊறும் நீர், வடிய வழி குறைகிறது. சிலருக்குக் கை வீங்குகிறது. பாரம் தூக்கினால்தான் வீங்குகிறது என்று நினைத்து, "இனிமேல் இந்தக் கையில் பால் பாக்கெட்கூடத் தூக்காதே" என்று பெண்களுக்குச் சொல்லியனுப்பினோம். நானும் சொல்லியிருக்கிறேன், ஆரம்ப வருடங்களில்.

1996ல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்ஸி என்ற விளையாட்டு மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைச் சேர்த்து, டிராகன் படகு என்ற நீளமான துடுப்புப் படகில் ஏற்றினார். முழுக்கத் தோளும் கையும் போடும் வேலை. கைவீக்கம் யாருக்கும் புதிதாக வரவில்லை. இன்று உலகம் முழுக்க அப்படிப்பட்ட படகுக் குழுக்கள் இருக்கின்றன. பிறகு 2009ல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர், ஏற்கெனவே கைவீக்கம் இருந்த 141 பெண்களை எடுத்துக்கொண்டு, பாதிப்பேருக்கு வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். வீக்கம் மோசமானது தூக்கியவர்களில் 14 சதவீதம், தூக்காதவர்களில் 29 சதவீதம். நாம் இத்தனை நாள் சொன்னதற்கு நேர் எதிர்.

இதற்காக நாளைக்கே பத்து லிட்டர் குடத்தை இடுப்பில் வைக்காதீர்கள். அந்தப் பெண்கள் மிகக் குறைந்த எடையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். கைவீக்கம் இருந்ததால் பயிற்சியின்போது அழுத்த உறையும் போட்டிருந்தார்கள். காயம் ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு, அரை கிலோவில் தொடங்குங்கள். ஏற்றும்போது ஒரு கேள்விதான்: மறுநாள் காலையில் கை எப்படி இருக்கிறது? கனமாகவோ விண்ணென்றோ இருந்தால் பழைய எடைக்குத் திரும்புங்கள்.

வீக்கத்தை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ரவிக்கைதான். ஒரு கை மட்டும் இறுக்கும். வளையல் மணிக்கட்டில் தடம் பதிக்கும், மோதிரம் கழலாது. தையல்காரர் வைத்திருக்கும் டேப்பால் இரண்டு கையையும் ஒரே இடத்தில், மாதம் ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் காத்திருக்காமல் காட்டுங்கள். கையில் எண்ணெய் தெறிப்பது, முள் குத்துவது, நகச்சுற்று, இவற்றில் கவனம் வேண்டும். கை சிவந்து சூடாகி ஜுரமும் வந்தால் உடனே மருந்து தேவை.

ஆபரேஷனுக்குப் பிறகு கையைத் தூக்கினால் தையல் இழுக்கிறது. எப்போது தொடங்குவது?

மறுநாளே விரலை மடக்கி நீட்டலாம், முழங்கையை மடக்கலாம், தோளைச் சுழற்றலாம். வடிகுழாய் இருக்கும்வரை கையைத் தோள் உயரத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். குழாய் எடுத்தபிறகு சுவரில் விரல்களை எறும்பு மாதிரி ஏற்றுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வீட்டுக்காரர் சுவர் அழுக்காகிறது என்றால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இதில் அவசரம் ஏன் என்றால், ரேடியேஷனுக்கு, அதாவது 'கரண்ட் வைப்பதற்கு', கையைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் படுக்க வேண்டும். கை தூக்க முடியாததால் ரேடியேஷன் தேதி தள்ளிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தோள் இறுகிய பிறகு திறப்பது மகா வேதனை.

வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் முடிந்தது. வாய் திறக்கவே மாட்டேன் என்கிறது.

உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். மூன்றும் போனால் பரவாயில்லை. இரண்டுதான் போகிறது என்றால் தாடை இறுகத் தொடங்கிவிட்டது. முன்பற்களுக்கு இடையே 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நாங்கள் இறுக்கம் என்றே கணக்கு வைப்போம்.

இதற்கு விலை உயர்ந்த கருவி உண்டு. நம் ஊரில் பலரும் செய்வது ஐஸ்கிரீம் குச்சி வைத்தியம். தட்டையான சுத்தமான குச்சிகளை அடுக்கி மேல் கீழ்ப் பற்களுக்கு இடையே வைத்து, அந்த இழுவையில் சில விநாடி நிறுத்துவது. ஏழு தடவை, ஒவ்வொன்றும் ஏழு விநாடி, நாளுக்கு ஏழு முறை என்பது நினைவில் வைக்கச் சுலபமான கணக்கு. ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் பதினொரு குச்சியில் தொடங்கினார். ரிவ்யூவுக்கு வரும்போதெல்லாம் சட்டைப்பையில் ரப்பர் பேண்ட் போட்ட கட்டு இருக்கும். டிக்கெட் எண்ணுகிற மாதிரியே எண்ணிக் காட்டுவார். பதினேழாவது குச்சி உள்ளே போன வாரம் அவர் இட்லியைப் பிட்டு, கரைக்காமல் சாப்பிட்டார். புண் ஆறாமல், டாக்டரிடம் கேட்காமல் மட்டும் தொடங்காதீர்கள். கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தால் அந்தப் பக்கத் தோள் தொங்கும். அதற்குத் தனிப் பயிற்சி உண்டு, கேட்டு வாங்குங்கள்.

வீட்டு வேலை எல்லாம் நான்தான் செய்கிறேன். அது போதாதா?

பாதி போதும். துணி அலசுவது, வீடு பெருக்குவது, மாவு ஆட்டுவது எல்லாம் அசைவுதான், படுத்திருப்பதைவிடப் பல மடங்கு மேல். ஆனால் வீட்டு வேலை விட்டு விட்டு நடக்கிறது. மூச்சும் இதயமும் பத்து நிமிடம் தொடர்ந்து வேலை செய்வதில்லை. அதைவிட முக்கியமாக, வீட்டு வேலை உங்களுக்காக நிற்காது. அசதியான நாளில் நடையைக் குறைக்கலாம், சமையலைக் குறைக்க முடியுமா? ஆகவே என் யோசனை வேறு: வீட்டு வேலையில் ஒன்றை வேறு யாரிடமாவது தள்ளிவிட்டு, மிச்சமான அந்த இருபது நிமிடத்தில் வெளியே போய் நடங்கள். வீட்டில் இருக்கும் ஆண்கள் இந்தப் பதிலை இரண்டு தடவை படிக்கலாம்.

யோகா மட்டும் செய்தால்?

தூக்கத்துக்கும் மனசுக்கும் யோகா நன்றாகவே உதவுகிறது. சிகிச்சை முடித்த 410 பேரிடம் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், வாரம் இரண்டு நாள் மென்மையான யோகா செய்தவர்களின் தூக்கம் தேறியது. நடையையும் தசைப் பயிற்சியையும் அது முழுசாக ஈடுகட்டாது. எலும்பு பலவீனமானவர்கள் முன்னால் ஆழமாகக் குனியும், முதுகை முறுக்கும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். வயிற்று ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கபாலபாதி வேண்டாம். தலைகீழாக நிற்பது யாருக்குமே அவசியமில்லை.

எலும்பில் பரவிவிட்டது. அசையாமல் இருப்பதுதான் பாதுகாப்பு இல்லையா?

பெரும்பாலானவர்கள் அசையலாம், அசைய வேண்டும். எந்த எலும்பு என்று தெரிந்துகொண்டுதான். தொடை எலும்பில் என்றால் அந்தக் காலில் குதிப்பதும் முழு பாரம் போடுவதும் ஆபத்து. முதுகெலும்பில் என்றால் முறுக்குவதும் குனிந்து தூக்குவதும். வலியில்லாத மற்றப் பகுதிகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம். இதை மட்டும் வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள், ஸ்கேனை எடுத்துக்கொண்டு ஒரு பிசியோவிடம் போங்கள். முதுகுவலி திடீரென்று கூடி, கால் தளர்ந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அது அவசரம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பாதம் மரத்துப்போகிறது, பஞ்சில் நடக்கிற மாதிரி இருக்கிறது.

பாக்லிடாக்ஸல், ஆக்சாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகள் நரம்பைத் தொடும். டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், மருந்தளவை மாற்றக்கூடும். செருப்பு நழுவினாலே தெரியாது. பின்பட்டை உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள், சமதளத்தில் நடங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்பது நல்ல பயிற்சி. கேப்பசிட்டபின் மாத்திரையால் உள்ளங்கால் சிவந்து எரிகிறவர்கள் அந்த நாட்களில் நீண்ட நடையை விட்டுவிட்டு நாற்காலிப் பயிற்சிக்கு மாறுங்கள்.

ஹார்மோன் மாத்திரையால் மூட்டெல்லாம் வலிக்கிறது.

மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் வகை மாத்திரைகளில் இது சகஜம். இந்த வலியால் பலர் சொல்லாமல் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் கவலை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் ஒரு வருடம் நடையும் எடைப் பயிற்சியும் செய்த பெண்களுக்கு மூட்டுவலி தெளிவாகக் குறைந்தது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போடும் ஆண்களுக்கு வலியைவிடச் சதையும் எலும்பும் கரைவதுதான் பிரச்சினை. அவர்களுக்கு நடையைவிட எடைப் பயிற்சியே முக்கியம்.

ஆபரேஷன் இன்னும் இரண்டு வாரத்தில். அதற்கு முன்னால் ஏதாவது செய்யலாமா?

தாராளமாக. தினமும் நடை, நாற்காலிப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி. மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுப்பார்கள். பத்தில் ஆறு பேர் அதை ஊதிக்கொண்டிருப்பார்கள் என்பது என் அனுபவக் கணக்கு. அதில் ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். மெதுவாக மூச்சை உள்ளிழுத்துப் பந்தைத் தூக்கி, அப்படியே இரண்டு மூன்று விநாடி நிறுத்துங்கள். நுரையீரல் கடைசிவரை விரிவதற்காகத்தான் அது. பீடி சிகரெட் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

மலம் வெளியேற வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள். நடக்கலாமா?

நடக்கலாம். பையைக் காலிசெய்துவிட்டுக் கிளம்புங்கள். பாரம் தூக்குவதை மட்டும் டாக்டர் சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள், குடலிறக்கம் வரக்கூடும்.

வியர்க்க வியர்க்கச் செய்தால் கீமோ விஷம் வெளியேறுமா?

இல்லை. அது சிறுநீரகமும் கல்லீரலும் பார்த்துக்கொள்ளும் வேலை. தண்ணீர் குடியுங்கள்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

நெஞ்சுவலி, தலைசுற்றல், இருக்க இருக்கக் கூடும் மூச்சிரைப்பு, ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலிப்பது, புதிதாக வந்த எலும்புவலி, எங்கிருந்தாவது ரத்தக்கசிவு. ஒற்றைக்கால் வீக்கத்தைச் சுளுக்கு என்று எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். ரத்தக்கட்டாக இருக்கலாம், புற்றுநோயாளிகளுக்கு அந்த ஆபத்து அதிகம். டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்தோ டிராஸ்டுசுமாப் ஊசியோ எடுத்தவர்கள், வேகமான பயிற்சிக்குப் போகும் முன் கடைசி எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

எல்லாம் தெரிகிறது. மனசுதான் வரமாட்டேன் என்கிறது.

தொப்பி போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும், "என்னாச்சு, இளைச்சுட்டீங்க?" என்று ஒரு குரல் வரும் என்று பயந்தே வீட்டுக்குள் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் தெருவைச் சொல்வதில்லை. வீட்டுக்குள் வாசலிலிருந்து கொல்லைவரை எத்தனை அடி என்று எண்ணச் சொல்வேன். ஓர் அம்மாவுக்கு அது 34 அடி. எட்டு தடவை போய் வந்தால் ஒரு ஆட்டோ ஸ்டாண்ட் தூரம் என்று அவரே கணக்குப் போட்டார்.

கூட இருப்பவர்களுக்கு: "நடந்தியா?" என்று கேட்காதீர்கள், அது வாத்தியார் கேட்கும் கேள்வி. உங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று "வாங்க, பால் வாங்கிட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். போகும்போது அவர் வேகத்துக்கு நீங்கள் நடக்க வேண்டும். பால் பாக்கெட்டை அவரே தூக்கிவரட்டும்.